எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்களா?

மேடையில் நான் சொல்லும் முதல் வாக்கியம் முப்பது வருடமாக மாறவில்லை. "நிகழ்ச்சியின் முதல் அங்கமாக நாட்டுப்பண் இசைக்கப்படும். அனைவரும் எழுந்து நிற்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்." இசைக்கப்படும் என்கிறேனே தவிர, யார் இசைப்பார்கள் என்று சொல்வதில்லை. இசைப்பது பெட்டிதான். ஒலிபெருக்கிக்காரர் பொத்தானை அழுத்துவார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெரிய கூட்டம் கணீரென்று பாடும். மண்டபத்தில் இருக்கிற கூட்டம் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

வார நாள்களில் நான் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் குமாஸ்தா. கொள்கலன்களுக்கும் லோரிகளுக்கும் தாள் தயாரிப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் வந்தால் கோட்டு மாட்டிக்கொண்டு அறிவிப்பாளர் ஆகிவிடுவேன். சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, நூல் வெளியீடு என்று எது நடந்தாலும் கிள்ளானிலிருந்து காஜாங் வரை யாராவது ஒருவர் கூப்பிடுவார். எனக்குக் குரல் இருக்கிறது. வீட்டில் அந்தக் குரலுக்கு வேலை இல்லை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் நானும் மனைவியும் பிரிந்துவிட்டோம், பிள்ளைகள் கிடையாது. அப்பா அதற்கும் முன்பே போய்விட்டார். கிள்ளானில் ஒரு தொடர்வீட்டில் நானும் அம்மாவும்தான் இருந்தோம்.

மேடையில் நிற்பவனுக்கு ஒரு வசதி உண்டு. எல்லாரும் அவனைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள், உண்மையில் அவன்தான் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பான். நாட்டுப்பண் ஒலிக்கும்போது யார் பாடுகிறார்கள், யார் பாடுவதுபோல் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற ஆசிரியைகள் பாடுவார்கள். பள்ளியில் திங்கட்கிழமை காலைச் சபைகூடலில் பாடிப் பாடி வந்த பழக்கம், வாய் தானாகத் திறக்கும். இராணுவத்தில் இருந்தவர்கள் உரக்கப் பாடுவார்கள். பிரமுகர் கோட்டுப் பொத்தானைத் தேடுவார். இளசுகள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, ஒன்றுமே நடக்காத மேடையைப் படம் எடுப்பார்கள். பின்வரிசையில் ஒருவர் எப்போதும் பாதியில் கழிவறையிலிருந்து வந்து, கதவருகே அப்படியே சிலையாக நிற்பார்.

நானும் பாடியதில்லை. அறிவிப்பாளர் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நிற்பதால் குரல் அதில் விழுந்துவிடும், விழுந்தால் மானம் போகும் என்று ஆரம்பத்திலேயே ஒரு மூத்த அறிவிப்பாளர் சொல்லியிருந்தார். அதனால் உதட்டை மட்டும் அசைப்பேன். ஊருக்குத்தான் உபதேசம். நானூறு பேரை எழுப்பி நிறுத்திவிட்டு நான் ஊமை நாடகம் ஆடிக்கொண்டிருப்பேன்.

அம்மாவிடம் இருந்தது சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை. நீல அட்டை குடியுரிமை உள்ளவர்களுக்கு. சிவப்பு அட்டை என்றால், இங்கே இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை என்று பொருள். அவள் பிறந்தது பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில். பிறந்ததைப் பதியவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வெளிநாட்டை அவள் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறாள். கடல் தாண்டியது ஒரே ஒரு முறை, உள்நாட்டிலேயே இருக்கும் பங்கோர் தீவுக்கு, அதுவும் சங்கத்துச் சுற்றுலாவில் நான் கூட்டிப்போனதுதான். அப்பாவுக்கு நீலம், எனக்கு நீலம், வீட்டில் அவள் ஒருத்திதான் சிவப்பு.

தேர்தல் நாளன்று காலையிலேயே குளித்து நல்ல புடவை கட்டிக்கொள்வாள். என்னோடு பள்ளிக்கூட வாசல் வரை வருவாள். உள்ளே போகமுடியாது என்று அவளுக்குத் தெரியும். கால்வாய் ஓரத்துத் திண்டில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரோடு பேசிக்கொண்டிருப்பாள். நான் வெளியே வந்ததும், "காட்டு" என்பாள். என் விரல் மையைத் தன் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பாள். போகாது என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் தேய்ப்பாள். "நல்ல மைதான்," என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பிப்பாள்.

இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் ஆகவில்லை. மூன்றாவது முறை விண்ணப்பித்தபோது அவளுக்கு எழுபத்தொன்று. நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா எங்கேயோ கேட்டுவந்து அவளிடம் சொல்லிவிட்டார். "அங்க நாட்டுப்பண்ணு பாடச் சொல்றாங்களாம் ஆன்டி. என் நாத்தனாரு மாமியாரப் பாடச் சொல்லியிருக்காங்க. நல்லாப் பாடிப் பழகிக்கிங்க லா."

அன்றிலிருந்து அம்மா என்னை விடவில்லை. அவளுக்குப் பாட்டின் மெட்டு தெரியும், மலாய்ச் சொற்கள் தெரியாது. சந்தையில் பேசும் பாசார் மலாய் நன்றாகவே பேசுவாள், மீன்காரரைப் பேசியே மடக்கிவிடுவாள். ஆனால் மலாயை எழுதும் ரூமி எழுத்து, அதாவது ஆங்கில எழுத்து, வாசிக்க வராது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். "தமிழ்ல எழுதிக் குடுய்யா, நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் காலை, தோசையை வாயில் வைத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தேன். எழுதியது ஏதோ ஒரு சங்கத்தின் நிகழ்ச்சி நிரலுக்குப் பின்பக்கம், பட்டைப் பேனாவில். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. மலாய்ச் சொல்லைத் தமிழில் எழுதுவது சுலபமான காரியம் இல்லை. மலாயில் இரண்டு ஒலி இருக்கும் இடத்தில் நம்மிடம் ஒரே எழுத்து. எது அழுத்தி, எது மென்மையாக என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். எனக்கு எட்டரை மணிக்கு அலுவலகம்.

அந்தப் பாட்டில் ஓர் இடத்தில் கடவுளைப் பற்றி வரும், அங்கே மகிழ்ச்சி என்று பொருள்படும் ஒரு சொல். அதை நான் 'பஹாகியா' என்று எழுதியிருந்தேன். அம்மாவுக்கு 'ஹ' தெரியாது. மூன்றாம் வகுப்பில் அதெல்லாம் சொல்லித் தரவில்லை போலும்.

"ஏய்யா, இது என்ன எழுத்து, வளைஞ்சு வளைஞ்சு போவுது?"

"அது 'ஹ'ம்மா. காத்து மாதிரி விடணும்," என்று குளியலறையிலிருந்து கத்தினேன்.

காற்றை அவள் எங்கே விட்டாளோ, சனிக்கிழமை சாயங்காலம் அவள் அடுப்படியில் பாடிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. மெட்டு சரியாக இருந்தது. சொற்கள் பெரும்பாலும் சரியாக இருந்தன. அந்த இடம் வந்ததும், "பாக்கியம்" என்று பாடினாள். தடுமாறவே இல்லை. புரியாத எழுத்தைத் தாண்டிக் குதித்து, மிச்சம் இருந்ததைப் பார்த்து, இது பாக்கியமாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்திருக்கிறாள். பக்கத்தில் கடவுளைக் குறிக்கும் மலாய்ச் சொல் வருகிறது, அது அவளுக்குத் தெரிந்த சொல். கடவுள் கொடுப்பது பாக்கியமாக இல்லாமல் வேறென்னவாக இருக்கும்?

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருத்தலாம் என்று எழுந்தேன். கைப்பேசி அடித்தது. மறுநாள் பெட்டாலிங் ஜெயாவில் நடக்கவிருந்த விழாவின் செயலாளர், பிரமுகரின் பட்டத்தில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது என்றார். அரை மணி நேரம் பேசினோம். வைத்தபோது அம்மா தொலைக்காட்சித் தொடரில் உட்கார்ந்துவிட்டாள். நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் விழா முடிந்து தேநீர் மேசையில் செயற்குழுவினரோடு நின்றுகொண்டிருந்தேன். அங்கே இந்தக் கதையைச் சொன்னேன். "எங்கம்மா நாட்டுப்பண்ணத் தமிழாக்கிட்டாங்க" என்று ஆரம்பித்து, அவள் பாடுவதுபோலவே மெதுவாகப் பாடியும் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவருக்குத் தேநீர் புரை ஏறிவிட்டது. முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேருக்குச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. வீட்டில் இருக்கிறவளிடம், "அது பாக்கியம் இல்லம்மா" என்று சொல்ல நேரம் இல்லை.

நேர்காணல் செவ்வாய்க்கிழமை. அன்று நான் அலுவலகத்தில் விடுப்பு எடுத்திருந்தேன், ஆனால் அம்மாவுக்காக அல்ல. ஒரு புத்தகக் கண்காட்சித் திறப்பு விழா, மூன்று மாதத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டது. பக்கத்து வீட்டு அக்கா அம்மாவை வாடகைக் காரில் கூட்டிக்கொண்டு போனார். நான் மேடையில், அனைவரும் எழுந்து நிற்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படி ஓர் ஒளியை அவள் கல்யாணப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"ஒரு மலாய்க்காரப் பொண்ணுய்யா, சின்னப் பொண்ணு. பேரு கேட்டா, எங்க பொறந்தேன்னு கேட்டா. பாசார்ல பேசுற மாதிரியே படபடன்னு பேசிட்டேன். அப்புறம், 'ஆன்டி, பாடத் தெரியுமா'ன்னா. நான் எந்திரிச்சேன். முட்டி வலிக்குதுதான், அதுக்காக ஒக்காந்துக்கிட்டா பாடுறது? நான் பாட ஆரம்பிச்சதும் அவளும் படக்குன்னு எந்திரிச்சிட்டாய்யா. நாக்காலி பின்னாடி போயி செவுத்துல இடிச்சிச்சு. கையக் கீழ விட்டுக்கிட்டு, நேரா, நான் முடிக்கிற வரைக்கும் நின்னா."

"சிரிச்சாங்களா?"

"எதுக்குச் சிரிக்கணும்? எனக்காக யாருய்யா இதுவரைக்கும் எந்திரிச்சு நின்னுருக்கா?"

கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். "தப்பில்லாம பாடினியா?" என்று கேட்டேன்.

"ஒரு எழுத்து விடல. நீ எழுதிக் குடுத்த மாதிரியே பாடினேன்."

சோறு போட்டாள், சாப்பிட்டேன் என்று பேர். அந்தப் பெண் பாட்டுக்காக எழுந்தாள், அது விதி, யார் பாடினாலும் எழுந்திருப்பாள் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. நான் எந்த விழா முடிந்து வந்தாலும், சப்பாத்தைக் கழற்றுவதற்குள் அடுப்படியிலிருந்து கேள்வி வந்துவிடும். "எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்களா?" சாப்பாடு எப்படி, யார் பேசினார்கள், எத்தனை மாலை, ஒன்றும் கேட்கமாட்டாள். எழுந்து நின்றார்களா என்பது ஒன்றுதான் கேள்வி. தன் பாட்டை ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ. முதலில், "நின்னாங்கம்மா" என்பேன். பிறகு, "நிக்காம படுத்துக்கிட்டா இருப்பாங்க?" என்று எரிந்து விழுவேன். கடைசியில் உறுமலோடு சரி.

ஒன்றேகால் வருடம் கழித்துக் கடிதம் வந்தது. ஒரே பத்தி. விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. காரணம் எழுதியிருக்கவில்லை. அதை நான் மலாயில் இரண்டு முறை வாசித்தேன், பிறகு அவளுக்குத் தமிழில் சொன்னேன். அவள் கடிதத்தை வாங்கி, மேலே இருந்த சின்னத்தைப் பார்த்தாள். பிறகு நாலாக மடித்து, சாமி மேடைக்குக் கீழே இழுப்பறையில் வைத்தாள்.

"நமக்கு அந்தப் பாக்கியம் இல்லைய்யா," என்றாள்.

எல்லாரும் சொல்லுகிற வார்த்தைதான். எத்தனையோ முறை அவளே சொல்லியிருக்கிறாள், பேரன் பேத்தி பார்க்கிற பாக்கியம் இல்லை, பழனிக்குப் போகிற பாக்கியம் இல்லை என்று. ஆனால் அன்று அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததும் என்னால் அங்கே உட்காரமுடியவில்லை. எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய், துணி காயப்போடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இதே மாதிரி எத்தனையோ பேருக்குக் கடிதம் வருகிறது, பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது என்று பின்னாளில் ஒரு வழக்கறிஞர் நண்பர் சொன்னார். இருக்கலாம். பிறப்புத் தாள் இல்லாதது காரணமாக இருக்கலாம். காரணம் எதுவென்று எழுதியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். எழுதாததால் எல்லாக் காரணமும் என்னுடையது ஆகிவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டும் என்பார்கள். என் அம்மா விஷயத்தில் அந்தப் பூசாரி நான்தானோ என்ற சந்தேகம் இன்றுவரை போகவில்லை.

அவளிடம் நான் சொல்லவில்லை. அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சரியாகச் சொல்லிக் கொடுத்துவிடுவோம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த முறை வரவில்லை. மூன்று வருடம் கழித்து ஒரு காலையில், காய்ச்சல் என்று படுத்தவள், ஐந்தாம் நாள் மருத்துவமனையில் போய்விட்டாள். இறப்பைப் பதியப் போனபோது அவளுடைய அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இறந்தவர் அட்டையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், சிவப்பானாலும் நீலமானாலும் அதுதான் முறை. முகப்பு மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் வாங்கினார். என் கையில் ஒரு தாள் மட்டும் இருந்தது. அவள் பிறந்தாள் என்று சொல்ல எந்தத் தாளும் இருந்ததில்லை, இறந்தாள் என்பதற்கு ஒன்று கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகும் நான் விழாக்களுக்குப் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது? முன்பு வீட்டில் குரலுக்கு வேலை இல்லை என்று சலித்துக்கொண்டவன், இப்போது வெள்ளிக்கிழமை அலுவலகம் விட்டு வந்தால் ஞாயிறு மேடை ஏறும்வரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறேன். சனிக்கிழமை தேநீர்க் கடையில், "தேத்தாரே ஒன்னு" என்று சொல்லும்போது தொண்டை கட்டிக்கொண்டு வரும். பக்கத்து வீட்டு அக்காவும் மகளோடு ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போய்விட்டார். விழா முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது மட்டும் காது தானாக அடுப்படிப் பக்கம் போகும். எரிந்து விழுந்த அந்த ஒரு கேள்விக்காக நான் இவ்வளவு ஏங்குவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

காஜாங்கில் ஒரு மொழிக் கருத்தரங்கு. நான்தான் அறிவிப்பாளர். ஒரு மலாய்ப் பேராசிரியர் பேச வந்திருந்தார். சமஸ்கிருதத்திலிருந்து மலாய்க்கு வந்த சொற்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார், அதே சொற்கள் தமிழிலும் இருக்கின்றன பாருங்கள் என்று பக்கத்தில் தமிழையும் போட்டிருந்தார். குரு வந்தது. பாஷை வந்தது. நான் அடுத்த பேச்சாளரின் குறிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தியபோது திரையில் இரண்டு சொற்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பஹாகியா. பாக்கியம். ஒரே வேர், வெவ்வேறு கப்பலில் ஏறி வெவ்வேறு கரையில் இறங்கியவை என்று அவர் சொன்னதும் கூட்டம் கை தட்டியது.

பேச்சு முடிந்து அவர் மேடையை விட்டு இறங்கிவிட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். ஏற்பாட்டாளர் கீழேயிருந்து கையைக் காட்டி, "அண்ணே, அண்ணே" என்றார். முப்பது வருடத்தில் நான் தவறவிட்ட முதல் அறிவிப்பு அதுதான்.

மூன்றாம் வகுப்புப் படித்தவள், எழுத்துத் தெரியாமல், தனக்குத் தெரிந்ததை வைத்துச் சரியான வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கிறாள். அவள் பாடியது தப்புதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதை வைத்து நான் தேநீர் மேசையில் சிரிக்க வைத்தேனே, அந்தச் சிரிப்பை எந்த அகராதியைக் கொண்டு திரும்ப வாங்குவது? அன்று காஜாங்கிலிருந்து வீடு வரும்வரை இதுதான் மனத்தில் ஓடியது. சொல்வதற்கும் ஆள் இல்லை. சொல்லவேண்டிய ஆளே இல்லையே.

இதெல்லாம் நடந்த பிறகு, சென்ற வருடம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் காலை நிகழ்ச்சி, மாணவர்களுக்குப் பரிசளிப்பு. கூட்டம் நிரம்பியிருந்தது, நானூறு பேருக்குக் குறையாது. பிரமுகர் நேரத்துக்கே வந்துவிட்டார், அதுவே அதிசயம். நான் என் முதல் வாக்கியத்தைச் சொன்னேன். நாற்காலிகள் கரகரவென்று பின்னால் போயின. எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒலிபெருக்கிக்காரர் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை.

மறுபடி அழுத்தினார். கணினியைத் தட்டினார், கம்பியைப் பிடுங்கிச் செருகினார். எழுந்து நின்ற கூட்டம் நின்றபடியே இருந்தது. உட்காரச் சொல்லவும் முடியாது. பிரமுகர் கோட்டுப் பொத்தானைத் தேடி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏற்பாட்டாளர் மேடை ஓரம் ஓடிவந்தார்.

"அண்ணே, பெட்டி போச்சுண்ணே. நீங்களே லீட் பண்ணிருங்க."

"நானா?"

"நீங்கதான் லா. எத்தன வருசமா நின்னுருக்கீங்க. பாடுங்கண்ணே, எல்லாரும் சேர்ந்துக்குவாங்க."

எத்தனை வருடமாக நின்றிருக்கிறேன், உண்மைதான். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாடினேன். முதல் அடியில் என் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. இரண்டாவது அடியில் ஆசிரியைகள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு ஒவ்வொரு வரிசையாகக் குரல் எழுந்தது. பெட்டி பாடாததால் கூட்டம் பாடியது. இவ்வளவு பேருக்கு வாய் இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது.

அந்த இடம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சரியாகத்தான் பாட நினைத்தேன். சொல் எனக்குத் தெரியும், மலாயில் நாள் முழுக்கப் பேசி வேலை செய்கிறவன். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இந்தப் பாட்டை ஒரு மனிதக் குரலில், பக்கத்தில் கேட்டது என் அம்மாவிடம் மட்டும்தான். வாய் அவளைத்தான் பின்பற்றியது. பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தின் இரண்டு பெரிய ஒலிபெருக்கியிலும் "பாக்கியம்" என்று வந்தது.

உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. தொடர்ந்து பாடினேன், அது ஒன்றுதான் செய்யக்கூடியது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாராவது புருவத்தைத் தூக்குவார்கள், யாராவது பக்கத்தில் இருப்பவரை இடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவருமே கவனிக்கவில்லை. அவரவர் அவரவர் பாட்டைப் பாடிக்கொண்டு, கையைக் கீழே விட்டு, நேராக நின்றுகொண்டிருந்தார்கள். பாட்டு முடிந்தது. நாற்காலிகள் முன்னால் வந்தன. நான் அடுத்த அங்கத்தை அறிவித்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஏற்பாட்டாளர் தோளில் தட்டி, "கொரல் சூப்பரா இருக்குண்ணே, இனிமே பெட்டியே வேணாம் போல" என்றார். எனக்கு அவரிடம் சொல்லிவிடவேண்டும்போல் இருந்தது. எங்கம்மா, என்று ஆரம்பித்தேன். அவருக்குக் கைப்பேசி வந்துவிட்டது. என்னுடைய பழைய சனிக்கிழமை எனக்கு நினைவு வந்தது, அதனால் கோபிக்கவில்லை. தட்டை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கேஎல் சென்ட்ரலில் கொமூட்டர் ரயில் ஏறினேன். மத்தியான நேரம், பெட்டி காலியாக இருந்தது. கிள்ளான் வரை சன்னலோரம் உட்கார்ந்து, திரும்பத் திரும்ப ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன். அன்று அவள் பாடியபோது ஒரு பெண் எழுந்து நின்றாள். அது விதி என்று எனக்கு அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும். இன்று நின்ற நானூறு பேரும் விதிக்காகத்தான் நின்றார்கள். இருந்தாலும் அவளுடைய சொல்லைப் பாடியபோது அவர்கள் நின்றார்கள். அதை யாராலும் இல்லை என்று சொல்லமுடியாது.

கிரில் கதவைத் திறந்தேன். பிற்பகல் வெயில் வரவேற்பறைத் தரையில் பாதி தூரம் வந்திருந்தது. குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றினேன். அந்த நேரத்தில்தான் கேள்வி வரும். கொஞ்சம் பொறுத்தேன்.

"எந்திரிச்சு நின்னாங்கம்மா," என்றேன். மனத்துக்குள் அல்ல, வாய்விட்டேதான் சொன்னேன். "எல்லாரும் நின்னாங்க. நானூறு பேரு. நீ பாடுன மாதிரியே பாடினேன்."

அடுப்படியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒரு காலில் சப்பாத்தோடு, கையைக் கீழே விட்டு, நேராக நின்றுகொண்டிருந்தேன். நெடுநேரம் உட்காரத் தோன்றவில்லை.